மாமன் கொண்டுவராத துணி

ரேரோஸ், நார்வே
8 பிப்ரவரி 1981

அன்புள்ள அம்சவல்லிக்கு,

மாரித் எழுதுகிறேன். உங்கள் மலை ஆஸ்பத்திரியில் எட்டு வருடம் நர்ஸாக இருந்தவள்; நீங்கள் எல்லோரும் மாரியக்கா என்று கூப்பிட்டவள். ஐந்து வருடம் கழித்துத் தமிழ் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உறையின் மேல் என் பெயரைப் பார்த்ததும் இதை அடுப்பில் போட்டுவிடலாம் என்று உனக்குத் தோன்றியிருக்கும். இதுவரை படித்துவிட்டாய் என்றால் மிச்சத்தையும் படித்துவிடு.

மூன்று வாரத்துக்கு முன் தெருவில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடது தோள் எலும்பை உடைத்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் கட்டுப் போட்டவள் இப்போது நானே கட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கையால் சமைக்க முடிகிறது, எழுத முடிகிறது, துணி மட்டும் உடுத்திக்கொள்ள முடியவில்லை. அடுத்த வீட்டு ஓஸ்தா தினமும் காலையில் வந்து உடுத்திவிடுகிறாள். நல்ல மனசுக்காரி. முதல் நாள் என்னைக் கேட்காமலே அலமாரியைத் திறந்து, எனக்குப் பிடிக்காத பழுப்பு நிற உடுப்பை எடுத்து மாட்டிவிட்டாள். குளிருக்கு அதுதான் நல்லது என்றாள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நாற்பத்து நான்கு வயதில் உட்கார்ந்து அழுதேன். அவள் போன பிறகுதான் உன் பெண் ஞாபகத்துக்கு வந்தாள்.

1975 டிசம்பர். உனக்கு ஆஸ்பத்திரியில் பிரசவமாகி நான்காம் நாள். அந்த வருடத்துக் குளிரை நீயும் மறந்திருக்க மாட்டாய். குழந்தையின் கால் நீலம் பூத்திருந்தது. நான் பின்னி வைத்திருந்த கம்பளிச் சட்டையையும் குல்லாவையும் எடுத்து அவளுக்குப் போட்டேன். உங்கள் ஊரில் பிறந்த பிள்ளைக்கு முதல் புதுத்துணி தாய்மாமன் கையால்தான் ஏற வேண்டும், ஒன்பதாம் நாள் அவர் கொண்டுவரும்வரை பழைய சேலையில்தான் சுற்றி வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் போட்டேன். உன் அண்ணன் வேடியப்பன் ஒன்பதாம் நாள் வரவில்லை. உன் உறவே அறுந்தது. நீ ஆஸ்பத்திரி வேலையை விட்டாய், என்னோடு பேச்சையும் விட்டாய். மார்ச்சில் நான் கிளம்பியபோது ஜீப் வரைக்கும் எல்லோரும் வந்தார்கள், நீ வரவில்லை.

அதற்காக மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஐந்து வருடம் தாமதம் என்று எனக்கே தெரிகிறது.

வெளியே போக முடியாததால் நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகம் வரவழைத்துப் படிக்கிறேன். எங்கள் பாஷைச் சொற்கள் எங்கிருந்து பிறந்தன என்று சொல்லும் புத்தகம். ஓஸ்தாவின் மேல் இருந்த கோபத்தில் முதலில் உடுத்திக்கொள்வதற்கு உண்டான சொல்லைத்தான் தேடினேன். 'க்லே' என்போம். அது துணிக்கு இருந்த பழைய பெயரிலிருந்து வந்ததாம். அந்தத் துணியின் பெயரே எங்களுடையதில்லை, கடலுக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்திலிருந்து துணியோடு துணியாக வந்து இறங்கியிருக்கும் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்களாம். அதாவது முதலில் துணி வந்தது, பிறகுதான் உடுத்துவதற்குச் சொல் வந்தது. யார் கொண்டுவந்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் ஆயிரம் வருடத்தில் தேய்ந்து போய், இப்போது உடம்பின்மேல் துணி ஏறினால் போதும் என்று ஆகிவிட்டது. நான் அந்த ஊர்க்காரி. உங்கள் ஊரில் துணியோடு கொடுத்தவர் முகமும் சேர்ந்து வருகிறது. இதை எட்டு வருடத்தில் கற்றுக்கொள்ளவில்லை, தோள் உடைந்த பிறகு கற்றுக்கொண்டேன்.

குழந்தை எப்படி இருக்கிறாள்? பெயர்கூட எனக்குத் தெரியாது.

மாரித்

*

நெல்லிவாசல்நாடு
14 மார்ச் 1981

நர்சம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. புதூர்நாட்டுத் தபால் ஆபீசில் கிடந்து, யாரோ ஜீப்பில் கொடுத்தனுப்பி, கடைசியில் என் கைக்கு வந்தது. அடுப்பில் போடவில்லை. வெளிநாட்டுத் தபால்தலையை என் மகள் பிடுங்கிக்கொண்டாள், அதனால் தப்பித்தது.

அவள் பெயர் குப்பம்மா. முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்பதால், சாமி கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று குப்பையில் புரட்டி எடுத்து வைத்த பெயர். பள்ளிக்கூட ரிஜிஸ்டரிலும் அதுவேதான். வாத்தியார் வேறு பெயர் வைக்கலாமே என்றார். முதலில் அவள் பத்து வயசு தாண்டட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். ஆள் நன்றாகத்தான் இருக்கிறாள். வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கிறது.

அந்தக் காதுதான் இப்போது பிரச்சினை. அவளுக்கு இன்னும் காது குத்தவில்லை. எங்களில் மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், மாமன் கொண்டுவந்த புதுத்துணியைக் கட்டி. என் கூடப் பிறந்தது ஒரே அண்ணன். அவர் ஐந்து வருடமாக என் வாசல் ஏறவில்லை. நாலு மலை தாண்டினால் அவர் வீடு. சந்தையில் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். "எங்கையில இல்லன்னு வெள்ளக்காரம்மாகிட்ட வாங்கிப் போட்டுகினா, அப்புறம் நான் எதுக்கு" என்று ஊரில் சொன்னதாகக் கேள்வி. அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா அம்மா இல்லாத என்னை வளர்த்தவர் அவர்தான். தனக்குக் கல்யாணம்கூட வேண்டாம் என்று எனக்குச் செய்தவர்.

என் வீட்டுக்காரர் கண்ணாயிரம், என் பெரியப்பா மகனை மாமன் முறைக்கு உட்கார வைத்துக் குத்திவிடலாம் என்கிறார். ஆறு வயசுக்குள் குத்தியாக வேண்டும் என்று ஊரில் நச்சரிக்கிறார்கள். அப்படிச் செய்தால் என் அண்ணன் உயிரோடு இருக்கும்போதே இல்லை என்று ஊருக்குச் சொன்னதாகிவிடும். பிறகு எந்தக் காலத்திலும் அவர் வரமாட்டார். எனக்கு அண்ணன் வேண்டும், நர்சம்மா.

நீங்கள் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்கு வேண்டியது வேறு. என் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், உங்கள் கையால், தமிழில். அம்சவல்லி காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தாள், அவளுக்குத் தெரியாமல் நானாகப் போட்டேன், அவள்மேல் குற்றம் இல்லை என்று எழுதுங்கள். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

உங்கள் சொல் கதையைக் கண்ணாயிரத்துக்குப் படித்துக் காட்டினேன். உடுத்துவதற்கே அடுத்த ஊர்க்காரன் வந்து சொல் கொடுக்க வேண்டும் என்றால், அதற்கு முன்னால் அந்த ஊரில் எல்லோரும் எப்படித் திரிந்தார்கள் என்று கேட்கிறார். எனக்கும் அந்தச் சந்தேகம்தான். அந்தக் குளிரில் பாவம்.

தோள் சீக்கிரம் கூடட்டும்.

அம்சவல்லி

*

ரேரோஸ்
12 ஏப்ரல் 1981

அன்புள்ள அம்சவல்லிக்கு,

குப்பம்மா என்ற பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். ஓஸ்தா என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள்.

கண்ணாயிரத்திடம் சொல், யாரும் அப்படித் திரியவில்லை. ஆட்டு ரோமமும் தோலும் போர்த்திக்கொண்டிருந்தார்கள். அதற்கு 'வெர்யா' என்று ஒரு பழைய சொல்லும் இருந்ததாம், சுற்றிக்கொள்வது என்று அர்த்தம். நல்ல துணியோடு புதுச்சொல் வந்ததும் அதை ஏற்றுக்கொண்டார்கள் போலிருக்கிறது. அடுத்த ஊர்த் துணி என்பதால் உடம்பு அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்போது கடினமான விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணனுக்கு நீ கேட்டபடியே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை, நீ படித்துப் பார்த்துக்கொள்ளலாம். நீ தூங்கினாய் என்றும், நானாகவே போட்டேன் என்றும், தண்டனை எதுவானாலும் எனக்குத்தான் என்றும் எழுதியிருக்கிறேன்.

ஆனால் அம்சவல்லி, அன்று காலை நீ தூங்கவில்லை. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு "போடட்டுமா?" என்று உன்னிடம் கேட்டேன். நீ சேலைத் துணியை விலக்கி, குழந்தையின் கையைத் தூக்கி என் பக்கம் பிடித்தாய். பிறகு உன் வீட்டுப் பெண்கள் உள்ளே வந்து சத்தம் போட்டபோது, "அவங்களா போட்டாங்க, நான் பாக்கல" என்றாய். நான் அதை மறுக்கவில்லை. நான் வெளியூர்க்காரி, என்னால் தாங்க முடியும், நீ அங்கேயே வாழ வேண்டியவள் என்று நினைத்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன். நீயும் நானும் ஒருவருக்கொருவர் பொய் எழுத வேண்டாம் என்பதற்காக மட்டும் இதை உனக்குச் சொல்கிறேன்.

கடிதத்தைக் கொடுப்பதும் கிழிப்பதும் உன் விருப்பம். எதைச் செய்தாலும் நான் உன் பக்கம்தான்.

மாரித்

*

நெல்லிவாசல்நாடு
27 ஜூன் 1981

மாரியக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு மாதம் பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன். அத்தனை கோபம். மன்னிப்புக் கேட்டவர் இப்படிக் குத்திக் காட்டலாமா என்று கண்ணாயிரத்திடம் கத்தினேன். எதைக் குத்திக் காட்டினார் என்று அவர் கேட்டார். அவருக்கும் இதுநாள்வரை நான் சொன்னதில்லை.

ஆமாம் அக்கா, நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தால் ஆற்றுக் கல்லைப் போல இருந்தது. வழக்கமாவது மண்ணாவது என்று தோன்றியது. கையைத் தூக்கிப் பிடித்தேன். அந்தச் சட்டை ஏறியதும் பிள்ளை உடம்பில் சூடு வந்ததே, அந்த நிமிடம் நான் பட்ட சந்தோஷத்தை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் குற்றம் என்மேல் வந்திருக்கும். உங்கள்மேல் போட்டுவிட்டேன். பொய்யைப் போட்ட பிறகு உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாததற்கு உங்களிடமே கோபித்துக்கொண்டேன். ஜீப் கிளம்பியபோது ஆஸ்பத்திரி சமையற்கட்டுக்குள் நின்றுகொண்டிருந்தேன். இவ்வளவுதான் விஷயம்.

இருந்தாலும் உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. எனக்குப் பொய்தான் வேண்டியிருந்தது. போன வாரம் அதை மடியில் செருகிக்கொண்டு புதூர்நாட்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தேன். பலாப்பழ சீசன். அண்ணன் வாசலில் உட்கார்ந்து கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழம் அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திரும்பிக்கொள்ளவில்லை. தலை நரைத்துவிட்டது. நாலு சுளையை இலையில் எடுத்து என் பக்கம் தள்ளினார்.

நான் கடிதத்தை நீட்டினேன். நர்சம்மா உனக்கு எழுதியிருக்காங்க என்றேன். அப்போதுதான் என் புத்திக்கு உறைத்தது. என் அண்ணனுக்கு எழுத்துத் தெரியாது. என்னைப் படிக்க வைத்ததே தனக்கும் சேர்த்து நான் படிக்கட்டும் என்றுதான். எண்ணெய்க் கையைக் காட்டி, "நீயே படி" என்றார்.

படிக்க ஆரம்பித்தேன். 'அம்சவல்லி காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தாள்' என்ற வரி வந்தது. நீங்கள் எழுதும்போது அது உங்கள் பொய். என் வாயால் அவர் எதிரில் படிக்கும்போது அது என் பொய். அந்த வரியைத் தாண்ட நாக்கு வரவில்லை. கடிதத்தை மடித்துவிட்டேன்.

"நான் தூங்கல ண்ணா. புள்ள வெறச்சிப் போச்சி. நான்தான் கையத் தூக்கிக் குடுத்தேன்" என்றேன்.

திட்டுவார் என்று பார்த்தேன். கத்தியைக் கீழே வைத்தார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீ குடுத்தா இன்னா, அவங்களா போட்டா இன்னா. நான் ரோசப்பட்டுகினு வர்லன்னு நெனச்சிகினியா? மொத புள்ளைக்கு ஒம்பதாம் நாளு துணி போட்டேன், அன்னிக்கே போச்சி. ரெண்டாவதுக்குப் போட்டேன், மறுநாளு போச்சி. எங்கைல இன்னாவோ கீது. மூணாவதுக்குத் துணியே எடுக்கல நான். எப்பிடி வராம இருக்கறதுன்னு முழிச்சிகினு இருந்தேன். அவங்க போட்டுட்டாங்கன்னு சொன்னாங்க, அப்பாடான்னு ஆச்சி. கோச்சிகினேன்னு சொல்லிட்டா ஒரு பேச்சில முடிஞ்சிபோவும் இல்ல. நான் வராததாலதான் அது உசுரோட கீது."

அக்கா, அவர் சந்தையில் திரும்பிக்கொண்டது என் பிள்ளைமேல் தன் நிழல்கூட விழக் கூடாது என்றுதானாம். ஐந்து வருடம். குப்பம்மாவைத் தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாகப் போகிறாள், எந்தக் கால் செருப்பு அறுந்தது என்று எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறார்.

காது குத்துக்கு வா என்று காலைப் பிடித்தேன். துணி தரமாட்டேன், மடியில் உட்கார வைக்கமாட்டேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

நான் எட்டாவது படித்தவள், ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள். கையில் ராசி ராசியில்லை என்பதெல்லாம் சும்மா என்று எனக்குச் சொல்லத் தெரியும். ஆனாலும் திரும்பி நடந்து வரும்போது எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. இரண்டும் அவர் துணியில்தானே போயின? நீங்கள் சொல்லுங்கள். சமாதானத்துக்குச் சொல்ல வேண்டாம், தெரிந்ததைச் சொல்லுங்கள்.

உங்கள்
அம்சவல்லி

*

ரேரோஸ்
19 ஜூலை 1981

அம்சவல்லி,

உன் கடிதம் இன்று காலை வந்தது. இன்றே எழுதுகிறேன். நீ குற்றத்தை என்மேல் போட்டதாக எழுதியிருக்கிறாய். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று என்மேல் இருக்கிறது, அதை முதலில் கேள்.

உன் முதல் இரண்டு குழந்தைகளும் எதனால் இறந்தன என்று எனக்கு அப்போதே தெரியும். இரண்டும் நீ ஆஸ்பத்திரி வேலைக்கு வருமுன் வீட்டில் பிறந்தவை. மருத்துவச்சி பெரியம்மாள்தான் பிரசவம் பார்த்தாள், கதிர் அறுக்கும் அரிவாளால் தொப்புள்கொடியை அறுத்தாள். அந்த இரும்பில் இருந்த விஷம் கொடி வழியாக உள்ளே போனது. அது உடனே தெரியாது. ஆறு, ஏழு நாள் குழந்தை நன்றாக இருக்கும். பிறகு வாய் இறுகும், பால் உறிஞ்ச முடியாது, உடம்பு வில்லாக வளையும். எட்டாம் நாள், ஒன்பதாம் நாள், பத்தாம் நாள் உயிர் போகும். உலகத்தில் எங்கே இந்த நோய் வந்தாலும் கணக்கு ஏறக்குறைய இதுதான். உங்கள் ஊரில் மாமன் துணியோடு வருகிற நாளும் அதே நாளாக அமைந்துவிட்டது.

நன்றாக யோசித்துப் பார். அண்ணன் துணி கொண்டுவருவதற்கு முன்னாலேயே குழந்தை பால் குடிப்பதை நிறுத்தவில்லையா? நிறுத்தியிருக்கும். அவர் துணி போட்டது ஏற்கெனவே இறந்துகொண்டிருந்த குழந்தைக்கு. குப்பம்மாவின் கொடியை நான் கொதிக்க வைத்த பிளேடால் அறுத்தேன். அவள் பிழைத்தது என் கம்பளியாலும் அல்ல, அண்ணன் வராததாலும் அல்ல.

இதை ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்தினேன். அரிவாள் வேண்டாம் என்று படம் போட்டுக் காட்டினேன். நீயும் என் கூடவே படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தாய். ஆனால் 'உன்னுடைய இரண்டும் இப்படித்தான் போயின' என்று உன்னிடம் மட்டும் ஒரு நாளும் சொல்லவில்லை. பெரியம்மாள் உன் பக்கத்து வீடு. உனக்குத் தெரிந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பாய் என்று நினைத்தேன். இரக்கம் என்று நினைத்தேன். நான் வாயைத் திறந்திருந்தால் உன் அண்ணன் ஐந்து வருடம் இதைச் சுமந்திருக்க மாட்டார். இப்போது உன் காலைப் பிடிக்க வேண்டியவள் நான்தான்.

பெரியம்மாளைத் திட்டாதே. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்குத் தெரிந்திருந்தது, அதுதான் வித்தியாசம்.

இதை அண்ணனுக்குப் படித்துக் காட்டு. இந்த முறை எல்லா வரியையும் படிக்கலாம்.

மாரித்

*

நெல்லிவாசல்நாடு
22 நவம்பர் 1981

மாரியக்காவுக்கு,

நாலு மாதமாக என்னிடமிருந்து கடிதம் இல்லையே என்று தவித்திருப்பீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் முற்றத்தில் உட்கார்ந்து அழுதேன். ஏழாம் நாளே பால் குடிக்கவில்லை அக்கா, இரண்டும். மார்பு கட்டிக்கொண்டு நான் துடித்தது ஞாபகம் இருக்கிறது. துணி வந்த பிறகு நடந்தது மட்டும் எல்லோர் மனதிலும் நின்றுவிட்டது, அதற்கு முன்னால் நடந்தது பெற்ற எனக்கே மறந்துபோனது. உங்கள்மேல் கோபம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு நாள் இருந்தது. அப்புறம் நம் இரண்டு பேர் கணக்கையும் கூட்டிக் கழித்துப் பார்த்து விட்டுவிட்டேன். பெரியம்மாளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் இப்போது ஆஸ்பத்திரியில் பிளேடு வாங்கித்தான் வேலை செய்கிறாள்.

அண்ணனிடம் கடிதத்தை மூன்று தடவை போய்ப் படித்தேன். முதல் தடவை, நர்சம்மா என் மனசு நோகக் கூடாதென்று எழுதியிருக்கிறார் என்றார். இரண்டாம் தடவை, அரிவாளில் விஷம் இருந்தால் கதிர் அறுக்கிற நாமெல்லாம் எப்படி இருக்கிறோம் என்று கேட்டார். பச்சைக்கொடியும் காய்த்துப்போன கையும் ஒன்றா என்று நான் கேட்டேன். மூன்றாம் தடவை சண்டைதான். அசலூர்த் துணி பிழைக்க வைத்தது, என் துணி கொன்றது, இதற்கு மேல் என்ன பேச்சு என்றார்.

அப்போது உங்கள் சொல் கதையை எடுத்துவிட்டேன். அவங்க ஊர்ல உடுத்தறதுன்ற சொல்லே அசலூர்லேர்ந்து துணியோட வந்ததாம், அவங்களுக்கும் நமக்கும் துணி துணிதான், எவன் நெய்தான் எவன் தந்தான்னு பாத்து அது உசுர எடுக்காது, குடுக்கவும் குடுக்காது என்றேன். நீங்கள் எழுதியதற்கு இதுதான் அர்த்தமா என்று எனக்குத் தெரியாது, அந்த நேரத்துக்கு அப்படித்தான் வாயில் வந்தது. அப்படின்னா எந்தத் துணியா இருந்தா இன்னா, நான் எதுக்கு வரணும் என்று அவர் மடக்கினார்.

"துணிக்கு நீ வேணாம் ண்ணா. எனக்கு நீ வேணும்" என்றேன்.

இந்த மாதம் பதினொன்றாம் தேதி காது குத்து வைத்தோம். ஆலங்காயத்திலிருந்து ஆசாரி வந்துவிட்டார். அண்ணன் வரமாட்டார் என்று கண்ணாயிரம் என் பெரியப்பா மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார். நான் வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறிய பிறகு வந்தார். கையில் திருப்பத்தூர்க் கடைப் பொட்டலம். வாசலில் நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை. பொட்டலத்தை நீட்டினார். நீங்களே போட்டு விடுங்கள், நான் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். மாமன் கையால்தான் போட வேண்டும் என்று பெண்கள் ஆளுக்கொன்றாகப் பேச, அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். ஓடிவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று நின்றேன்.

குப்பம்மாவுக்குப் பொறுமை ஏது. பெரியவர்களின் நியாயம் முடியும்வரை அவள் காத்திருக்கவில்லை. போய்ப் பொட்டலத்தைப் பிடுங்கிப் பிரித்தாள். சிவப்புக் கவுன். பழைய பாவாடைக்கு மேலேயே தலை வழியாகத் தானே மாட்டிக்கொண்டாள். கையை இரண்டு பக்கமும் விட்டு இழுத்துச் சரி பண்ணினாள். பட்டன் பின்பக்கம் இருந்தது, அவளுக்கு எட்டவில்லை. அண்ணனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "மாமா, போடு" என்றாள்.

அந்த மனிதரைப் பிறந்ததிலிருந்து மாமா என்று அவள் கூப்பிட்டதில்லை. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனாகப் போட்டார். நான்கு பட்டன் போட அவ்வளவு நேரம் ஆகும் என்று நான் நினைக்கவில்லை. மடியில் உட்கார வைத்துக் காது குத்தினோம். அவள் அழுததைவிட அவர் அழுததுதான் அதிகம்.

அன்று சாயங்காலம் ஜீப் வந்தது, அவர் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. புளிய மரத்தில் வேலை இருக்கிறது என்றார், எங்கள் மரத்தில் காய்கூட இன்னும் முற்றவில்லை. தினமும் விடிந்ததும் வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டு, குப்பம்மா எழுந்து வெளியே வருகிறாளா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவள் சாப்பிடுவதைப் பார்ப்பார், ஓடுவதைப் பார்ப்பார். எதற்கு என்று எனக்குத் தெரியும், கேட்கவில்லை. கவுன் போட்ட ஒன்பதாம் நாள் அவர் சோறே தொடவில்லை. பத்தாம் நாளும் கழிந்தது.

இன்று காலை குப்பம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்றாள். "இன்னா மாமா, தெனம் இங்கியே குந்திகினு கீற, உனுக்கு வூடு இல்லியா?" என்று கேட்டாள். ஊர் சிரித்தது. அண்ணன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவள் தலையில் முதல் தடவையாகக் கையை வைத்தார்.

மத்தியான ஜீப்பில் கிளம்பிவிட்டார். ஏறி உட்கார்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டு, பொங்கலுக்கு அவளுக்கு என்ன நிறத்தில் பாவாடை எடுக்கட்டும் என்று கேட்டார்.

உங்கள் தங்கை
அம்சவல்லி